எதையும் கேட்காமல் பக்கத்தில் இருப்பது

இறக்கும் தறுவாயில் இருப்பவர்களுக்குத் துணையாகச் சென்று அமரும் தொண்டைச் சில ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். நான் மருத்துவரும் இல்லை, செவிலியரும் இல்லை. அங்கே போய் என்ன செய்கிறாய் என்று நண்பர்கள் கேட்கும்போதெல்லாம் பதில் சொல்லத் தடுமாறியிருக்கிறேன். "உட்கார்ந்திருக்கிறேன்" என்பதுதான் உண்மையான பதில்; ஆனால் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கியிருக்கும் வேலை கேட்பவருக்குத் தெரிவதில்லை. அதைச் சற்று விரிவாக எழுதிவைக்க வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன்.

தொடக்க மாதங்களில் நான் செய்த ஒரு தவறிலிருந்து ஆரம்பிக்கிறேன். புற்றுநோய் முற்றிய நிலையில் இருந்த பெரியவர் ஒருவர், ஒரு மாலை நேரத்தில், அறையில் வேறு யாரும் இல்லாதபோது, "இன்னும் எத்தனை நாள் இருப்பேன் என்று நினைக்கிறீர்கள்?" என்று என்னிடம் கேட்டார். எனக்கு நா உலர்ந்துவிட்டது. "அப்படியெல்லாம் நினைக்காதீர்கள் ஐயா, எல்லாம் சரியாகிவிடும்" என்றேன். அவர் என்னைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு மெல்லச் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்குப் பின் நான் போன நாட்களில் மரியாதைக்கு இரண்டு வார்த்தை பேசுவார், அவ்வளவுதான். அந்தக் கேள்வியை அவர் மறுபடி என்னிடம் கேட்கவேயில்லை.

என்ன நடந்தது என்பது அவர் இறந்து வெகு நாள் கழித்துத்தான் எனக்கு விளங்கியது. நாள்கணக்கு வேண்டுமென்றால் அவர் மருத்துவரிடம் கேட்டிருப்பார், கேட்டும் இருப்பார். என்னிடம் அவர் தேடியது, அந்தக் கேள்வியைக் கேட்டுப் பதறாத ஒரு முகத்தை. நானோ என் பயத்தைத் தணித்துக்கொள்ள அவருடைய வாயை அடைத்துவிட்டேன். இப்போது யாராவது அப்படிக் கேட்டால், "எதை நினைத்துக் கேட்கிறீர்கள்?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருக்கிறேன். ஒருவர், தொலைவிலிருந்து வந்துசேர வேண்டிய மகனை எண்ணிக் கேட்டார். மற்றொருவர், மூச்சு முட்டிச் சாக நேருமோ என்ற பயத்தில் கேட்டார். இன்னொருவர், தம் மனைவி இரவில் கண்ணை மூடுவதே இல்லையே, அவள் உடம்பு இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்ற கவலையில் கேட்டார். மூன்று பேரும் கேட்டது ஒரே கேள்வியைத்தான். மூச்சுத்திணறலைப் பற்றிப் பயந்தவரின் பேச்சை அன்றைக்கே செவிலியரிடம் சொல்ல முடிந்தது. திணறல் வந்தால் என்ன மருந்து கொடுப்பார்கள், அது எப்படித் தணியும் என்று செவிலியர் அவர் அருகில் அமர்ந்து நிதானமாகச் சொன்ன பிறகு, அவர் அன்றிரவு தூங்கினார்.

படுக்கையைச் சுற்றி நிற்கும் எல்லோருக்கும் அவரிடமிருந்து ஏதோ ஒன்று தேவைப்படுகிறது. மகளுக்கு அவர் ஒரு வாயாவது சாப்பிட வேண்டும். தம்பிக்குப் பழைய மனத்தாங்கல் தீர வேண்டும். மருத்துவருக்கு, வலி பத்துக்கு எத்தனை என்ற எண் வேண்டும். பார்க்க வருபவர்களுக்கு, தாங்கள் வந்தது அவருக்குத் தெரிந்தது என்பதற்கு ஒரு தலையசைப்பாவது வேண்டும். இவை எல்லாமே அன்பிலும் அக்கறையிலும் பிறப்பவை. ஒன்றையும் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எழுந்து உட்காரவும் வலுவில்லாத ஒருவர், நாள் முழுவதும் இத்தனை பேருக்கும் ஏதாவது கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. அந்த அறையில், அவரிடமிருந்து எதையும் வேண்டாத ஒரு ஆள் இருக்க வேண்டும். துணையிருப்பவரின் பணி அதுதான் என்பது என் நம்பிக்கை.

அது பார்ப்பதற்கு எளிது. எதையும் வேண்டாமல் இருப்பதாக நினைத்துக்கொண்டே நான் எத்தனையோ வேண்டியிருக்கிறேன். என்னால் பயன் இருந்தது என்று தெரிய வேண்டும். நான் வந்தால் அவர் முகம் மலர வேண்டும். வாழ்க்கையைப் பற்றி அவர் என்னிடம் ஏதாவது சொல்லிவிட்டுப் போக வேண்டும். இந்த வேண்டுதல்களை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போவதற்கு இன்றும் ஒவ்வொரு முறையும் முயற்சி தேவைப்படுகிறது. கதவுக்கு வெளியே ஒரு நிமிடம் நின்று, மூச்சை நிதானப்படுத்திக்கொண்டுதான் உள்ளே போகிறேன்.

இந்தப் பணியின் வரலாற்றைப் படித்தபோது, அது தொடங்கிய இடத்திலும் ஒருவர் அருகில் இன்னொருவர் அமர்ந்திருந்ததையே கண்டேன். 1948ஆம் ஆண்டு, லண்டன் மருத்துவமனை ஒன்றில், போலந்திலிருந்து வந்த டேவிட் டாஸ்மா என்னும் யூதர் புற்றுநோயால் இறந்துகொண்டிருந்தார். அவருக்கு அந்த ஊரில் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள யாரும் இல்லை. செவிலியராகப் பயின்று, பின்னர் மருத்துவமனைச் சமூகப் பணியாளராக இருந்த சிசிலி சாண்டர்ஸ் அவரைத் தொடர்ந்து சென்று பார்த்தார். இருவரும் நிறையப் பேசினார்கள். இறப்பவர்களுக்கென்று ஓர் இல்லம் அமைக்கலாம் என்ற எண்ணம் அந்தப் பேச்சுகளில்தான் உருவானது. டாஸ்மா தம்மிடம் இருந்த 500 பவுண்டை, அந்த இல்லத்தில் ஒரு சன்னலாக இருக்க விரும்புவதாகச் சொல்லி, அவருக்கு விட்டுச் சென்றார். சாண்டர்ஸ் அதற்குப் பிறகு மருத்துவமும் படித்துத் தேர்ந்து, 1967இல் புனித கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸ் என்னும் அந்த இல்லத்தைத் திறந்தார். கட்டடம் எழும்புவதற்கு 19 ஆண்டுகளுக்கு முன்பே அதன் சன்னல் வந்துவிட்டது என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். 2005இல் சாண்டர்ஸ் இறந்ததும் அதே இல்லத்தில்தான்.

'முழு வலி' என்ற கருத்தும் அவர் தந்ததே. உடலின் வலி, மனத்தின் வலி, குடும்பத்தையும் பணத்தையும் குறித்த கவலை, இத்தனை நாள் வாழ்ந்ததற்கு என்ன பொருள் என்ற உள்ளார்ந்த தவிப்பு ஆகிய நான்கும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன என்றும், ஒன்றை மட்டும் பிரித்தெடுத்து மருந்து கொடுத்தால் போதாது என்றும் அவர் சொன்னார். துணையிருப்பவருக்கு இது ஏட்டுப் பாடமாக நின்றுவிடுவதில்லை. முதுகு வலிக்கிறது என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்த ஒருவர், பல வருடங்களாகப் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் வந்து போன அன்று அதைப் பற்றி மூச்சே விடவில்லை. முதுகில் இருந்த கட்டி அப்படியேதான் இருந்தது. மருந்தின் அளவும் மாறவில்லை.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் சாண்ட்ரா கிளார்க் என்னும் செவிலியருக்கு நேர்ந்தது இதற்கு நேர் எதிரானது. கொஞ்ச நேரம் தம்முடன் இருக்கும்படி ஒரு முதியவர் கேட்டார். மற்ற நோயாளிகளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிப் போன அவர், திரும்பி வந்தபோது முதியவர் இறந்துபோயிருந்தார். அந்த நினைவு அவரை விடவில்லை. யாரும் தனியாக இறக்கக் கூடாது என்ற நோக்கத்தோடு, யூஜீன் நகரில் தாம் பணிபுரிந்த மருத்துவமனையில் 2001இல் அவர் தொடங்கிய தன்னார்வத் திட்டம் பிறகு வேறு பல மருத்துவமனைகளுக்கும் பரவியது. பேறுகாலத்தில் தாயின் பக்கத்தில் இருக்கும் டூலா என்ற பெயரை இறுதிக்காலத் துணைக்கும் இப்போது பல நாடுகளில் வழங்குகிறார்கள். அடிமைப் பெண்ணை அல்லது பணிப்பெண்ணைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. பெயர் எதுவாக இருந்தாலும் தேவை மிகப் பெரிது. ஓர் ஆண்டில் 5.68 கோடிப் பேருக்கு வலி தணிப்புச் சிகிச்சை தேவைப்படுவதாகவும், அவர்களில் ஏறத்தாழ 14 விழுக்காட்டினருக்கே அது கிடைப்பதாகவும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது.

இனி, உட்கார்ந்திருப்பதற்குள் என்ன இருக்கிறது என்பதைச் சொல்கிறேன். நாற்காலியைப் படுக்கைக்கு அருகில் இழுத்துப் போட்டு, அவருடைய கண்ணும் என் கண்ணும் ஒரே உயரத்தில் இருக்கும்படி அமர வேண்டும்; நின்றுகொண்டு பேசினால், கிளம்பப் போகிறவர் என்றுதான் அவருக்குத் தோன்றும். கையைப் பிடிப்பதற்கு முன் கேட்க வேண்டும். பிடிப்பதாக இருந்தால் அவர் கைக்கு அடியில் நம் கையை வைப்பது நல்லது. மேலே வைத்து அழுத்தினால், விலக்கிக்கொள்ள நினைத்தாலும் அவருக்கு அதற்கான வலு இருக்காது. இந்தச் சிறிய விஷயத்தை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் வயதில் மூத்த ஒரு செவிலியர். அவர் சொல்லியிராவிட்டால் நானாக யோசித்திருக்கவே மாட்டேன்.

வாயைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. கடைசி நாட்களில் விழுங்கும் திறன் குறைந்துவிடும். வாயாலேயே மூச்சு விடுவதால் நாக்கும் உதடும் வெடித்துப்போகும். குச்சியின் நுனியில் பொருத்திய சிறு ஸ்பாஞ்சைத் தண்ணீரில் நனைத்து, நன்றாகப் பிழிந்துவிட்டு, கன்னத்தின் உட்புறத்தையும் ஈறுகளையும் நாக்கையும் மெதுவாக ஒற்றி எடுக்க வேண்டும். உதடுகளில் ஈரம் காக்கும் களிம்பைத் தடவ வேண்டும். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டால் புரையேறிவிடும் என்பதால் பிழிவதில்தான் கவனம் தேவை. சாப்பிட மாட்டேன் என்கிறாரே என்று கலங்கிப்போய், தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற எத்தனையோ பேரிடம் இந்த ஸ்பாஞ்சைக் கொடுத்திருக்கிறேன். சாப்பிடாததால் அவர் இறந்துகொண்டிருக்கிறார் என்று குடும்பம் நினைக்கிறது; உண்மையில், உடல் அடங்கிக்கொண்டிருப்பதால்தான் அதற்குச் சாப்பாடு வேண்டியிருக்கவில்லை. இதை விளக்கமாகச் சொல்வதைவிட, பரிமாறிப் பழகிய அந்தக் கைகளுக்கு வேறொரு வேலையைத் தருவது அவர்களுக்கு ஆறுதலாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

சென்ற ஆண்டு ஒரு மூதாட்டியின் கடைசிப் பதினோரு நாட்களில் மாலைதோறும் அவருடன் இருந்தேன். அவரைப் பகலிரவாகப் பார்த்துக்கொண்டவர் அவருடைய ஒரே மகள். நான் முதல் நாள் போனபோது அந்தப் பெண் ஒரு வாரமாகச் சரியாகத் தூங்கியிருக்கவில்லை. "நீங்கள் இருக்கிற நேரத்தில் நான் கொஞ்சம் படுத்துக்கொள்ளலாமா?" என்று, ஏதோ பிழை செய்துவிட்டவரைப் போலத் தயங்கித் தயங்கிக் கேட்டார். துணையிருப்பவர் யாருக்குத் துணை என்று என்னைக் கேட்டால், அந்த நேரத்தில் நான் அந்த மகளுக்குத்தான் அதிகம் துணையாக இருந்தேன்.

அந்த அம்மா தொடக்கத்தில் சில நாட்கள் நன்றாகப் பேசினார். வாழ்க்கையின் பெரிய செய்திகள் எதையும் அவர் சொல்லவில்லை. சின்ன வயதில் தாம் தைத்த ஒரு பாவாடையின் மடிப்பு எப்படிக் கோணலாகப் போயிற்று, அதைப் பிரித்து எத்தனை முறை தைத்தேன் என்பதை மூன்று மாலைகள் திரும்பத் திரும்பச் சொன்னார். ஆறாவது நாள், "பெட்டி கட்டியாயிற்றா?" என்று கேட்க ஆரம்பித்தார். "எங்கே போகிறோம் அம்மா? எங்கேயும் போகவில்லையே" என்றார் மகள். அந்த அம்மாவின் முகம் வாடியது. சிறிது நேரத்தில் மறுபடியும் அதையே கேட்டார். இறப்பை நெருங்குபவர்கள் பயணத்தைப் பற்றிப் பேசுவதும், முன்பே மறைந்துவிட்ட உறவினர்களைக் கண்டதாகச் சொல்வதும் ஹாஸ்பிஸில் பணிபுரிபவர்களுக்கு நன்கு பழக்கமானவை. பெரும்பாலும் அவை இறப்பவரை அச்சுறுத்துவதில்லை, அமைதிதான் தருகின்றன. நான் அவரிடம், "பெட்டியில் என்னென்ன வைக்க வேண்டும் என்று சொல்லுங்கள்" என்றேன். அவர் ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். மகள் எழுந்து வெளியே போய் அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்து, "அந்த ஊதாச் சால்வையும் வேண்டுமா அம்மா?" என்று கேட்டார். வேண்டும் என்றார் அம்மா.

ஒன்பதாம் நாளிலிருந்து அவர் கண் திறக்கவில்லை. பாதங்கள் குளிர்ந்தன, முழங்கால்களில் ஊதா நிறத் திட்டுகள் தோன்றின. தொண்டையில் சேர்ந்த நீரை விழுங்கவோ இருமித் துப்பவோ வலுவில்லாததால் கரகரவென்று ஓசை வந்தது. பக்கத்தில் இருப்பவர்களைக் கலங்கடிக்கும் ஓசை அது. நோயாளிக்கோ பெரும்பாலும் அதன் உணர்வே இருப்பதில்லை என்று செவிலியர்கள் சொல்வார்கள். தலையணையைச் சரிசெய்து ஒருக்களித்துப் படுக்கவைத்ததும் ஓசை குறைந்தது. மூச்சும் மாறிவிட்டது. ஆழமாக ஏறி, மெல்ல மெல்ல மேலோட்டமாகி, பிறகு நின்றுவிடும். நின்ற மூச்சு மீண்டும் தொடங்கும். 19ஆம் நூற்றாண்டில் இதை எழுதிவைத்த இரு மருத்துவர்களின் பெயரால் செய்ன்-ஸ்டோக்ஸ் சுவாசம் என்று இதைச் சொல்கிறார்கள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து அந்த இடைவெளியை எண்ணினேன்: இருபது வினாடி, இருபத்தைந்து, ஒருமுறை நாற்பது. நாற்பதாவது வினாடியில் மகள் என் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தார். இனி எண்ண வேண்டாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, கடிகாரம் என் கண்ணில் படாதபடி நாற்காலியைத் திருப்பிப் போட்டேன்.

"நான் பேசுவது அம்மாவுக்குக் கேட்குமா?" என்று அவர் கேட்டார். கனடாவில் ஹாஸ்பிஸ் நோயாளிகளிடம் மூளை மின்னலைகளைப் பதிவு செய்து பார்த்த ஓர் ஆய்வு 2020இல் வெளிவந்தது. எந்த அசைவும் காட்டாத நிலையிலும், இறப்புக்குச் சில மணி நேரமே இருந்தபோதும், சிலருடைய மூளை ஒலிகளுக்கு எதிர்வினை காட்டியதை அதில் கண்டார்கள். கேட்டது அவர்களுக்குப் புரிந்ததா என்பதை அந்த ஆய்வால் சொல்ல முடியவில்லை. இரண்டையும் அவரிடம் மறைக்காமல் சொன்னேன். அவர் சற்று யோசித்துவிட்டு, அந்தக் கோணல் பாவாடைக் கதையை அம்மாவின் காதருகில் குனிந்து அவருக்கே சொல்லத் தொடங்கினார்.

துணையிருப்பவர் செய்யக் கூடாதவையும் உண்டு. மருந்தில் கை வைக்கக் கூடாது; வலியால் நெற்றி சுருங்குவதைக் கண்டால் செவிலியரை அழைப்பதோடு அவருடைய வேலை முடிந்தது. தம் சமய நம்பிக்கையையோ நம்பிக்கையின்மையையோ அந்த அறைக்குள் கொண்டு போகக் கூடாது. சொத்து, உயில் பேச்சில் வாயைத் திறக்கக் கூடாது. அங்கே கேட்ட ரகசியம் அங்கேயே நிற்க வேண்டும். மன்னித்துவிடுங்கள், சமாதானமாகிவிடுங்கள் என்று இறப்பவரைத் தூண்டுவதையும் இந்த வரிசையில்தான் சேர்ப்பேன். அண்ணனைப் பார்த்து ஒருவருக்கு வலி குறைந்தது உண்மை. தம் தகப்பனாரைக் கடைசிவரை மன்னிக்காமலேயே அமைதியாக இறந்த ஒருவருடனும் நான் இருந்திருக்கிறேன். கணக்கைத் தீர்த்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பது பார்த்துக்கொண்டிருக்கும் நம்முடைய ஆசை. அதைக்கூட அவரிடம் கேட்கக் கூடாது.

பதினோராவது நாள் நான் போனபோது மகளால் நிற்கவே முடியவில்லை. பத்து நிமிடம் படுத்துவிட்டு வருகிறேன் என்றார். போகும்முன் தம் தோளில் இருந்த அந்த ஊதாச் சால்வையை எடுத்து, அதன் ஒரு முனையை அம்மாவின் விரல்களுக்குள் செருகிவிட்டுப் பக்கத்து அறைக்குப் போனார். ஏதாவது மாறுதல் தெரிந்தால் எழுப்புங்கள் என்று சொல்லியிருந்தார். அவர் போய் ஐந்தாறு நிமிடம்தான் ஆகியிருக்கும். ஒரு மூச்சு வந்தது. நீண்ட இடைவெளிக்குப் பிறகு, தாடை மட்டும் லேசாக அசைந்து இன்னொன்று வந்தது. நான் எழுந்து கதவருகே போய் அவரை அழைத்துவிட்டுத் திரும்பினேன். நாங்கள் இருவரும் படுக்கையருகே வந்தபோது மூன்றாவது மூச்சு வரவில்லை. குடும்பத்தார் அறையை விட்டு நகர்ந்த சில நிமிடங்களில் உயிர் பிரிவதை இந்தப் பணியில் இருப்பவர்கள் பலமுறை பார்த்திருக்கிறார்கள். ஏன் அப்படி என்பதற்கு ஆளுக்கொரு விளக்கம் சொல்வார்கள். அந்த விளக்கம் எதையும் நான் அவரிடம் அப்போது சொல்லவில்லை.

அவசரப்பட எதுவும் இல்லை, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இப்படியே இருக்கலாம் என்றேன். செவிலியருக்குத் தகவல் சொன்னேன். மகள் அம்மாவின் நெற்றியைத் தடவிக்கொண்டே வெகுநேரம் அமர்ந்திருந்தார். பிறகு, என் பக்கம் திரும்பாமலேயே கேட்டார்: "அம்மா என்னைத் தேடினார்களா?"

ஆறுதலாக ஒரு பொய் சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்த பெரியவர் நினைவுக்கு வந்தார். நான் பார்த்ததை மட்டும் சொன்னேன். "கண் திறக்கவில்லை அம்மா. எதுவும் பேசவுமில்லை. நெற்றியில் சுருக்கம் இல்லை, வலி இருந்ததாகத் தெரியவில்லை. நீங்கள் போன பிறகு இரண்டு மூச்சு, அதற்குப் பிறகு இல்லை. சால்வையை விடவில்லை."

அவர் குனிந்து பார்த்தார். அந்த முனை இன்னும் விரல்களுக்குள்ளேயே இருந்தது.